செல்லி லாபம் சொன்ன சாயங்காலம்

மதினி, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் அப்பாவும் இருப்பார். அவரிடமும் வேண்டாம். அவருக்குத் தெரிந்தால் எப்படியாவது அம்மாவின் கனவில் வந்து சொல்லிவிடுவார். அம்மா விடிந்ததும் அண்ணனிடம் சொல்லிவிடுவாள்.

அம்மா கூடத்தில் தூங்குகிறாள். அண்ணன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நான் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்து, பூகோளப் புத்தகத்துக்குள் தாளை ஒளித்து எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடியில் உங்கள் மூக்குத் துணி இருக்கிறது. பழைய நூல் சேலையில் கிழித்து, மிளகாய் வத்தல் மூடைகள் அடுக்கும் நம் கிட்டங்கிக்குள் நுழையும்போது மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வீர்களே, அந்தத் துணி. ஐப்பசிக் காய்ச்சலில் நீங்கள் போன நாளிலிருந்து அது தராசுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. அண்ணன் அதைத் தாண்டித் தாண்டிப் போவார், தொடமாட்டார். வேறு யாரும் தொடவில்லை. இன்று நான் எடுத்துவிட்டேன். இத்தனை மாதம் கழித்தும் வத்தல் நெடியும் உங்கள் தேங்காய் எண்ணெய் வாசமும் அதில் அப்படியே இருக்கின்றன. தும்மல் வருகிறது. அந்தத் துணியையே வாயில் வைத்து அமுக்கிக்கொள்கிறேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கிட்டங்கி எப்படி இருந்தது என்பது நினைவிருக்கிறதா? மாசி பிறந்ததும் திருச்சுழிப் பக்கமிருந்தும் மல்லாங்கிணற்றுப் பக்கமிருந்தும் வத்தல் மூடைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காம்பு கிள்ளி, வெளுத்துப்போன சோடையைத் தனியே ஒதுக்கி, நல்ல சிவப்பைக் குவிப்பார்கள். அண்ணன் அவர்கள் தலைக்கு மேலே நின்று கத்துவார். சோடை கலந்திருந்தால் அரைநாள் கூலியைப் பிடிப்பார். அவர் நிற்கும்வரை ஒருத்தியும் தலை நிமிரமாட்டாள். அவருடைய சைக்கிள் பந்தல்குடி ரோட்டில் திரும்பியதும் வெற்றிலைப் பைகள் திறக்கும்.

கதவுக்குப் பின்னால் நின்று நீங்கள் அதைப் பார்த்தீர்கள். என்னிடம் சொன்னீர்கள்:

"உங்க அண்ணன் சைக்கிளு நிக்கிற வரைக்குந்தான் வேல நடக்குது பாப்பா. பேசாம சைக்கிளுக்கே சம்பளத்தக் குடுத்து இங்க நிறுத்திட்டுப் போயிரலாம்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

சாயங்காலம் எடை போடும்போது முதல் மூடையை யாரும் ஒன்று என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும், பிறகுதான் இரண்டு, மூன்று. அந்த முதல் சொல்லைச் சொல்வது எப்போதும் அண்ணன்தான். அவர் ஊரில் இல்லாவிட்டால் எடை போடும் வேலுச்சாமி. பெண் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நீங்கள் அண்ணனிடம் அதைக் கேட்டு வாங்கினீர்கள். அன்றைக்கு யார் நிறையக் கிள்ளிக் குவித்தாளோ அவள் தராசுக்கு முன்னால் வந்து நின்று லாபம் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

முதல் நாள் பேச்சியம்மாவுக்குக் கிடைத்தது. வட்டத்தில் மூத்தவள் அவள்தான், வாயும் அவளுக்குத்தான் பெரிது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்று, "லாபம்!" என்று கூவினாள். ரோட்டில் போன லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அடுத்த நாள் எல்லோருடைய விரல்களும் பறந்தன. அண்ணனுக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகுதான் வெளியூருக்கு அனுப்பிய லோடு திரும்பி வந்தது.

மூடையைப் பிரித்தால் உள்ளே பூசணம். வத்தல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. எடை கூடுவதற்காக ஆளாளுக்குக் குவியலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒருத்தி செய்ததைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து அடுத்தவள். குடிக்கவே தண்ணீர் கிடைக்காத இந்தப் பொட்டல் காட்டில், குடிக்க வைத்த குடத்திலிருந்து எடுத்துத் தெளித்திருந்தார்கள். அண்ணன் நெற்றி நரம்பு புடைக்க நின்றார்.

"பொம்பளைகள லாபம் சொல்ல விட்டேன்ல, என்னையச் சொல்லணும். எல்லாரையும் நிறுத்திரு. ஒருத்தி வேண்டாம்."

நான் மூடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் துணியை அவிழ்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"நான் எடையக் கேட்டேன், அவுக எடையக் குடுத்தாக. தப்பு நான் கேட்டதுல இருக்கு. என்னைய நிறுத்துங்க."

அண்ணன் உங்களை எப்படி நிறுத்துவார்? சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நீங்கள் எடையைப் பேசவில்லை. எந்நேரத்தில் வருவீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வட்டத்துக்குள் குனிந்து, ஒரு கைப்பிடி வத்தலை அள்ளி, காதோரம் வைத்துக் குலுக்குவீர்கள். காய்ந்த வத்தலென்றால் உள்ளே விதை கலகலக்கும். ஈரமென்றால் ஊமையாகக் கிடக்கும். கலகலத்தால், அந்த இடத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, அவள் பெயரைச் சொல்லிச் சொல்வீர்கள்: "ராக்கு, சலங்கை மாதிரி இருக்குடி ஒன் குவியல். ஒரு சோடை கூட இல்ல." சும்மா நல்லாருக்கு என்று சொல்லமாட்டீர்கள். எது நன்றாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வீர்கள். ஊமையாக இருந்தால் ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குவியலை வெயிலுக்குத் தள்ளிவிட்டுப் போவீர்கள்.

"ஏன் மதினி, சாயங்காலம் மொத்தமாச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"ஆறுன காப்பிய நீ குடிப்பியா? அது மாதிரிதான். செஞ்ச கையி சூடா இருக்கயிலயே சொல்லணும்."

லாபம் சொல்லும் ஆளும் மாறியது. யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் கிடைத்தவளுக்கு ஏன் கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

செல்லியக்கா எப்போதும் வெயில் ஏறித்தான் வருவாள். அவள் ஊரில் தண்ணீருக்கு ஊற்று தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, குடத்தை வீட்டில் இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். தாமதமாக வந்ததற்காக நீங்கள் அவளை ஒருநாளும் கேட்டதில்லை. ஒருநாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் வந்தாள். அப்போதும் தாமதம்தான். ஆனாலும் நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "செல்லி, இன்னைக்கு நெழலு வாசல்ல இருக்கயிலயே வந்துட்டியே!" என்றீர்கள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்கள்தான். பிறகு அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் முறை மாற்றிக்கொண்டு, விடியும் முன்பே ஊற்றுக்குப் போகத் தொடங்கினாள். நிழல் வாசலைத் தாண்டி ரோடு வரை நீண்டு கிடக்கும்போதே வந்துவிடுவாள். பங்குனி முடிவதற்குள் கிட்டங்கிக் கதவைத் திறக்க நாம் போனபோது அவள் நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனையும் நீங்கள் அப்படித்தான் மாற்றினீர்கள், இல்லையா? எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒருநாள் அவர் யாரிடமும் கத்தாமல் வீட்டுக்கு வந்தார். நீங்கள் காப்பியை நீட்டிக்கொண்டே, "இன்னைக்குக் கிட்டங்கியில ஒங்க சத்தமே இல்ல. எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டே வேல பாத்தாக" என்றீர்கள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அடுத்த நாளும் கத்தவில்லை.

இப்போது மறுபடி மாசி வந்துவிட்டது, மதினி. நீங்கள் இல்லை. அண்ணன் பழையபடி ஆகிவிட்டார், பழையதற்கும் மேலே. எடை போடும் நேரத்தில் தராசுப் பக்கம் நிற்பதில்லை. முதல் மூடைக்கு வேலுச்சாமி முணுமுணுப்பாக லாபம் சொல்கிறார், கடன்காரனுக்குப் பதில் சொல்வது மாதிரி. கூலிப் பிடித்தம் திரும்பிவிட்டது. நேற்று செல்லியக்கா தாமதமாக வந்தாள். ஊற்று வற்றிவிட்டதாம், தூரத்துக் கிணற்றுக்குப் போனாளாம். அண்ணன் அவளை வாசலில் வெயிலில் நிற்க வைத்தார். பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். மதியச் சங்கு ஊதியபோதும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவோமே, அதே மாதிரி ஒரு பலகையைக் கிட்டங்கிச் சுவரில் மாட்டியிருந்தார்.

"சாயங்காலம் வந்து உக்காரு. எவ சும்மா இருக்கா, எவ சோடையக் கலக்குறான்னு பேர எழுது. பேரு இருந்தா கூலி பாதி."

"நான் எப்படி அண்ணே..."

"எழுத மாட்டேன்னா ஒம்பதாப்போட படிப்ப நிறுத்திக்கிரு. எழுதத் தெரியாதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

பள்ளிக்கூடத்தில் இன்று ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் போனேன். அண்ணன் லாரி பேசுவதற்காக விருதுநகர் போயிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து அவர்கள் பயந்தது அதுதான் முதல் முறை. என் கையில் சாக்கட்டி இருந்தது. என்னைவிட மூத்தவர்கள் எல்லோரும் அந்தச் சாக்கட்டியையே பார்த்தார்கள். பேச்சியம்மா மட்டும் வாயைத் திறந்தாள்.

"தாயி, எம் பேர எழுதயில கொஞ்சம் பெருசா, அழகா எழுதுங்க. எனக்குப் பேரு சொல்லப் பிள்ள இல்ல. செவத்துலயாவது இருந்துட்டுப் போவட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஆணியைப் பார்த்தேன்.

உங்கள் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். முடிச்சுப் போடத் தெரியவில்லை, ராக்கு எழுந்து வந்து போட்டுவிட்டாள். வட்டத்துக்குள் போய்க் குனிந்து ஒரு பிடி அள்ளிக் குலுக்கினேன். என் கை ஆடிய ஆட்டத்தில் ஈர வத்தல்கூடச் சத்தம் போட்டிருக்கும். இரண்டாவது, மூன்றாவது குவியலில்தான் காது கேட்கத் தொடங்கியது. நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். எது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். முதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்லியக்கா குவியலுக்கு வந்தேன். நேற்று வெயிலில் நின்ற கண் இன்னும் சிவந்திருந்தது. அவள் கிள்ளிய வத்தல் சுத்தமாக, கலகலவென்று இருந்தது.

எடை போடும் நேரம் வந்ததும், "செல்லியக்கா, நீங்க வந்து லாபம் சொல்லுங்க" என்றேன்.

"ஐயய்யோ, வேண்டாம் தாயி. மொதலாளி வந்தாகன்னா?"

"நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க."

வேலுச்சாமி தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூடையை ஏற்றினார். செல்லியக்கா வாய்க்குள் சொன்னாள்.

"என்னடி இது, கொசு கத்துறாப்ல?" என்றாள் பேச்சியம்மா. "தொண்டையத் தெறந்து சொல்லு!"

"லாபம்!"

அது கிட்டங்கி முழுக்க நிறைந்தது. எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள், வத்தல் நெடி என்று சொல்லிக்கொண்டார்கள். நான் வாசல் பக்கம் திரும்பினேன். அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வெறுமையாகக் கிடந்த பலகையைப் பார்த்தார். என் முகத்தில் இருந்த துணியைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மதினி. நாளைக்கு என் படிப்பு நின்றுபோகலாம். ஆனாலும் அந்தப் பலகையில் ஒரு பெயரும் எழுதமாட்டேன். இதை எழுத எழுத அது எனக்குள் கெட்டியாகிக்கொண்டே வருகிறது. நீங்கள் எடையைக் கேட்டீர்கள், எடை வந்தது. சுத்தத்தைக் கேட்டீர்கள், சுத்தம் வந்தது. அண்ணன் பயத்தைக் கேட்கிறார், அவர்கள் பயத்தைத்தான் கொடுப்பார்கள். பயம் மூடை மூடையாகச் சேர்ந்தாலும் எந்த லாரியில் ஏற்றுவது? இதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். கத்தினால் கத்தட்டும். உங்கள் துணியைத் திருப்பி ஆணியில் மாட்டமாட்டேன். நாளைக்கும் கட்டிக்கொள்வேன்.

எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. இன்று அண்ணன்

தும்மிவிட்டேன், மதினி. அடக்க முடியவில்லை. வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது.

அறைக் கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவென்றால் கூப்பிட்டுக்கொண்டே தட்டுவாள். இது பேசாமல் தட்டுகிற கை. தாளை மறைத்துவிடுவேன். துணியை மறைக்கமாட்டேன். முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அண்ணே, இன்னைக்கு நீங்க கத்தல. நின்னு கேட்டீக. அதை அவர் கை சூடாக இருக்கும்போதே