இரண்டு வெள்ளிக் கம்பெனி

1997 மார்ச் 11, செவ்வாய்
பிரிக்ஃபீல்ட்ஸ்

பாசாருக்குப் போய் வந்தேன். மீன் விலை ஏறியிருக்கிறது, வாங்கவில்லை. கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தால் அண்ணன் குரல்தான் காதில் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் கல்யாணம். பந்தியில் முந்நூறு பேர் இருப்பார்கள். யாரோ பெரியவர் கேட்டார், "என்ன மீனாட்சிசுந்தரம், தங்கச்சி இப்ப ஆபீசுக்கு வர்றதில்லையாமே?" அண்ணன் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கணக்குல தப்பு மேல தப்பு. கூடப் பொறந்தவளாச்சேன்னு பாத்தேன். முடியலலா. வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பதினேழு வருஷம் அந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்த்தவள். ஒரு சென் காசுகூட இடித்ததில்லை.

என் வீட்டுக்காரர் சொல்கிறார், "விட்டுத் தள்ளு நாச்சம்மை, சொந்த அண்ணன்தானே." இவருக்கு எல்லாமே விட்டுத் தள்ளுகிற விஷயம். நான் விடமாட்டேன்.

மார்ச் 12

இன்றும் கோபம் அப்படியே இருக்கிறது. நல்லது. ஆறிவிடுமோ என்று பயந்தேன்.

ஏப்ரல் 3

நான் செய்த 'தப்பு' என்னவென்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அண்ணன் கம்பெனி வீடு வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்கிறது. கொடுத்த பணம் இருபது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சில நூறு வீட்டுக் கடன்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு புதுக் கம்பெனிக்கு விற்றார். புதுக் கம்பெனிக்குப் பணம் ஏது? இனி வரப்போகும் தவணைகளைக் காட்டிக் கடன் பத்திரம் போட்டு ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் பணம் வாங்கியது, அதை அப்படியே எங்களுக்குக் கொடுத்தது. எங்கள் புத்தகத்தில் இருந்து கடன்கள் மறைந்தன, கையில் ரொக்கம் வந்தது, லாபம் என்று ஒரு பெரிய எண்ணை எழுதினார்கள். அந்த ரொக்கத்தில் இன்னும் கடன் கொடுத்தார்கள்.

இதெல்லாம் ஊர் உலகத்தில் நடப்பதுதான், குற்றமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. எவராவது மூன்று தவணை கட்டாவிட்டால் அந்தக் கடனை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நஷ்டம் வந்தால் எங்கள் தலையில் என்றால் அது என்ன விற்பனை? அது நாங்கள் வாங்கிய கடன், வீட்டுக் கடன்கள் எங்கள் புத்தகத்திலேயே இருக்க வேண்டும், லாபம் காட்டக் கூடாது என்று சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புதுக் கம்பெனியின் மூலதனம் இரண்டே வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். ஒரு வெள்ளிப் பங்கு என் பெயரில், இன்னொன்று அண்ணன் வீட்டு டிரைவர் நாகையா பெயரில். நாங்கள் இருவரும்தான் டைரக்டர்கள். அது தனிக் கம்பெனி என்று ஆடிட்டர் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் டைரக்டர்கள் அண்ணன் கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஆட்களாக இருக்கக் கூடாது. நாகையாவுக்குச் சம்பளம் வீட்டிலிருந்து. என்னை வெளியே தள்ளியதில் என் வாயும் அடைபட்டது, ஆடிட்டர் வாயும் அடைபட்டது. கெட்டிக்காரர்!

கையெழுத்து வாங்கிய விதம் வேறு. தீபாவளிப் பலகாரத் தட்டோடு காகிதங்கள் வந்தன. எங்கள் குடும்பத்தில் காலங்காலமாக அப்படித்தான். பெண்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கும். அண்ணன் மனைவி காமாட்சி அண்ணமிண்டி முறுக்கைக் கடித்துக்கொண்டே போட்டுவிடுவார். நான் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டேன். படிப்பேன் என்று அண்ணனுக்குத் தோன்றவே இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

அக்கரைக் காட்டுத்தீயால் ஊரே புகைமூட்டம். சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ரிங்கிட் விழுந்துகொண்டே இருக்கிறது.

ரவிக்கைத் துணி வாங்கக் கிள்ளானுக்கு ரயிலில் போனேன். சுலைகா கடையில் வாடிக்கையாளர் என்று நான் ஒருத்திதான். செமினியில் வீடு வாங்கியிருக்கிறார்கள், அண்ணன் கம்பெனிக் கடனில்.

"வட்டிய ஏத்திட்டாங்கக்கா. யாவாரம் படுத்துருச்சு. ரெண்டு மாசமா கட்டல. ஆபீசுல போய் டைம் கேட்டா, ஒங்க கடன் இப்ப எங்ககிட்ட இல்ல, வேற கம்பெனிக்கு வித்தாச்சுங்கறான். அது யாருன்னு கேட்டா தெரியாதுங்கறான். நான் யாருகிட்டக்கா போய்க் கேக்குறது?"

என்னிடம்தான் கேட்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் செய்தி அண்ணன் காதுக்குப் போகும், தருணம் பார்த்திருக்கிறேன் என்று அவர் உஷாராகிவிடுவார். பாவம், சுலைகா டீ வரவழைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

1998 பிப்ரவரி 16, திங்கள்

நாகையா வந்தார். கையில் லட்டு டப்பா, டப்பாவுக்கு மேல் காகிதங்கள். பென்சில் குறி!

இதற்குத்தான் காத்திருந்தேன். ஊரெல்லாம் தவணை கட்ட முடியாமல் திணறுகிறது. ஒப்பந்தப்படி அந்தக் கடன்களை எல்லாம் அண்ணன் கம்பெனி திரும்ப வாங்க வேண்டும், அதற்கு அவரிடம் பணம் இல்லை. வருஷக் கணக்கை முடிக்க வந்திருக்கும் ஆடிட்டருக்கு இப்போதுதான் அந்த ஷரத்து கண்ணில் பட்டதாம். ஆகவே எங்கள் இரண்டு வெள்ளிக் கம்பெனி, 'திரும்ப வாங்கச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டோம்' என்று எழுதித் தர வேண்டும். அதுவும் போன டிசம்பர் தேதி போட்டு.

"ஐயா கையோட வாங்கிட்டு வரச் சொன்னாரு ஆச்சி."

"நீங்க போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க போட்டா போடுறேன்."

"லட்டுவ வச்சுட்டுப் போங்க. பேப்பரும் இருக்கட்டும். படிக்கணும்."

நாகையா சிரித்தார். போகும்போது ஒரு செய்தி சொன்னார். மூட்டை கட்டும்போது தொகை கொஞ்சம் குறைந்ததாம். உடனே அண்ணன், அண்ணமிண்டி பெயரில் பெட்டாலிங் ஜெயா பங்களாவுக்கு எடுத்த கடனையும் உள்ளே போடச் சொன்னாராம். காரில் வைத்தே தன் மருமகனிடம் பேசியது. டிரைவருக்குக் காது இருக்கும் என்று நினைக்காதவர்கள்தானே!

இத்தனை நாளாக அண்ணன் அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு எனக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கே உறைக்கவில்லை. லட்டு சாப்பிட்டேன். இரண்டு.

பிப்ரவரி 18

அண்ணன் போன் செய்தார்.

"என்ன நாச்சம்மை, பேப்பர் இன்னும் வரல?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஒனக்கென்ன அதுல படிக்க இருக்கு? குறி போட்ட எடத்துல போடு."

"போடுறேன். கிள்ளான்ல சொன்னீங்களே, கணக்குல தப்புன்னு. அதே ஆளுங்கள கூட்டி வச்சு, நாச்சம்மை சொன்ன கணக்குதான் சரின்னு சொல்லுங்க. அன்னைக்கே போடுறேன்."

சிரித்தார். "பைத்தியமா ஒனக்கு?" என்றார். வைத்துவிட்டார்.

போகட்டும். உண்மையில் அவர் ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேனா? மாட்டேன். அந்தப் பத்திரத்தின் பின்னால் இருப்பது இன்ஷூரன்ஸ் கட்டுகிற ஜனங்களின் பணம். அவர்கள் உரிமையை விட்டுக்கொடுக்க நான் யார்? நியாயம் என் பக்கம் இருக்கிறது. ஆனால் நான் நியாயத்துக்காகச் செய்யவில்லை, பழிக்காகத்தான் செய்கிறேன். இரண்டும் ஒரே பக்கம் வந்து நின்றது என் அதிர்ஷ்டம்.

மார்ச் 5, வியாழன்

ஆடிட்டர் ரெங்கசாமி என்னையும் நாகையாவையும் அழைத்திருந்தார். அண்ணனுடைய ஆபீசிலேயே கூட்டம். நான் உட்கார்ந்து வேலை பார்த்த மேசையில் இப்போது அண்ணனின் மருமகன். 'டைரக்டர் மேடம்' என்று காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் எதிரில். முகத்தில் சிரிப்பு, கழுத்தில் வியர்வை.

ரெங்கசாமி நேராகக் கேட்டார். "திரும்ப வாங்கச் சொல்ற உரிமைய விட்டுத் தரீங்களா?"

"இல்ல."

"நாச்சம்மை—" என்றார் அண்ணன்.

"இல்ல சார். மூணு தவணை தவறின கடனையெல்லாம் கம்பெனி வாங்கிக்கணும். இந்த மாசமே நோட்டீஸ் அனுப்பறோம்."

நாகையா தலையை ஆட்டினார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வை! நாகையா சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "கார் கீழ நிக்குது ஐயா."

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா இது சட்டப்படி விற்பனைதான். ஆனா கணக்குப்படி கடன். எல்லாத்தையும் திரும்ப உங்க புத்தகத்துல ஏத்தணும். லாபத்த எடுத்துடணும்."

"சார், இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன். "எங்கண்ணன் கவனிக்கல."

அவர் இன்னொரு தடவை சொன்னார். நல்ல மனுஷர்.

மார்ச் 6

இனிக்கிறது.

ஏப்ரல் 20

காமாட்சி அண்ணமிண்டி வந்து அழுதுவிட்டுப் போனார். "ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து. அவுக சாப்பிடறதே இல்ல. கூடப் பொறந்த ரத்தம் ஒனக்கு இல்லையா?" என்றார். ரத்தத்தைக் கல்யாணப் பந்தியில் யார் முதலில் மறந்தது? அதைக் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், கையெழுத்துக் கொடுக்கவில்லை. அவர் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் வலித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆபீசில் குமாஸ்தாக்கள் பயந்து போயிருக்கிறார்களாம். அவர்களை நினைத்தால்தான்... இவர் இன்று என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 14

கடன்களைத் திரும்பப் புத்தகத்தில் ஏற்றியதும் கம்பெனியின் மூலதனம் போதாது என்று ஆகிவிட்டது. அரசாங்கத்து ஆட்கள் வந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியாயிற்று. குமாஸ்தாக்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள், அது ஒரு நிம்மதி.

நோட்டீஸ் கொடுத்தும் கம்பெனியால் ஒரு கடனையும் திரும்ப வாங்க முடியவில்லை. ஆகவே சட்டப்படி கடன்கள் எல்லாம் எங்கள் இரண்டு வெள்ளிக் கம்பெனியிடமேதான். தவணை வசூலிக்கும் வேலையையும் இனி நாங்களே செய்கிறோம், பத்திரம் வாங்கிய இன்ஷூரன்ஸ்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். முன்னறையில் இரண்டு மேசை போட்டாயிற்று. நாகையா செமினி, கிள்ளான் பக்கம் பார்க்கிறார். என்னை விடக் கறார்.

சுலைகாவை வரச் சொல்லி, அந்தக் கம்பெனி நான்தான் என்று சொன்னேன். வாயைப் பிளந்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அக்கா? எத்தன நாளு சோறு எறங்காம கெடந்தோம்!" தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி எழுதிக் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். வீடு ஏலத்துக்குப் போய்ப் பாதி விலைக்கு விற்பதை விட அவர்களுக்கும் அதுதான் லாபம்.

பெட்டாலிங் ஜெயா பங்களாவுக்கும் கடிதம் அனுப்பினேன். தவணையை இனி எங்களிடம் கட்டச் சொல்லி எல்லாருக்கும் அச்சடித்த அதே கடிதம்.

நவம்பர் 9

பங்களாவில் இருந்து பதில் இல்லை. இரண்டாம் கடிதம்.

டிசம்பர் 10

காசோலை வந்துவிட்டது. கூட ஒரு வரிகூட இல்லை. அண்ணன் கையெழுத்து முன்னைவிடச் சின்னதாக இருக்கிறது.

1999 ஜனவரி 14, வியாழன்
பொங்கல்

பானை பொங்கி வழிகிற நேரத்தில் வாசலில் டாக்சி வந்து நின்றது. அண்ணன். கையில் பொங்கல் சீர், இரண்டு கரும்பு. வருஷா வருஷம் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். தானே தூக்கிக்கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை. இளைத்திருக்கிறார், சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

தட்டை நீட்டினார். வெற்றிலைக்கு மேல் இந்த மாதத் தவணைக் காசோலை.

தட்டை வாங்கவில்லை. காசோலையை மட்டும் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். ஏழாம் தேதி கட்டியிருக்க வேண்டியது.

"தாமதக் கட்டணம் சேரலையே அண்ணே. முப்பத்தெட்டு வெள்ளி."

இவர், "நல்ல நாளும் அதுவுமா—" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன் கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைப்பையில் துழாவினார். ஐம்பது வெள்ளி நோட்டு.

"மீதிய வச்சுக்க. தங்கச்சிக்குப் பொங்கக் காசு."

"கம்பெனிக்கு ஏது அண்ணன்?" மீதிப் பன்னிரண்டு வெள்ளியை எண்ணி அவர் கையில் வைத்தேன்.

ரசீது எழுதும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ அன்னைக்குச் சொன்ன கணக்குதான் சரி."

"கேக்கல அண்ணே."

"சரின்னு சொன்னேன்."

"இங்க மூணு பேர்தானே இருக்கோம். கிள்ளான்ல முந்நூறு பேர் இருந்தாங்க."

ரசீதைக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்த பிறகுதான் சீர்த்தட்டைக் கையில் வாங்கினேன்.

"உக்காருங்க," என்றேன். "பொங்கல் ஆறிடப்போகுது."