மூன்றாம் பத்தி

கணபதி, கோவை
10.3.2025

மதிப்பிற்குரிய திருமூர்த்தி அண்ணனுக்கு,

இத்துடன் என் ராஜினாமா. பம்பு டெஸ்டிங்கில் பதினாறு வருஷம் உழைத்தது போதும்.

செக்‌ஷன் ஹெட் பதவிக்கு மேனேஜர் சிபாரிசு வேண்டும் என்றதும், "நீயே எழுதிட்டு வா அம்மணி, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றீர்கள். நம் கம்பெனியில் எல்லோருக்கும் அப்படித்தானே. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். இன்று ஆபீஸ் வெங்கடம்மாள் அக்கா ஃபைலைக் காட்டினார். கடிதம் என்னுடையது. பெயர் மட்டும் உங்கள் மச்சினன் பிரவின்குமாருடையது. வயிறு எரிகிறது அண்ணா.

சாரா

கோவை
2.4.2025

அம்மணி சாராவுக்கு,

நலமா? பாப்பா ஜெனிஷா எப்படி இருக்கிறாள்? நீ போனை எடுப்பதில்லை. அதனால் உன் உடுமலைப்பேட்டை விலாசத்தைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயம்தான். வீட்டுக்காரி நச்சரிப்பு தாங்காமல் செய்துவிட்டேன். உழைப்பு வீண் போகாது, அடுத்த வருஷம் உனக்குத்தான். இப்போது ஓர் உதவி. மோட்டார் சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்ல பிரவினுக்குத் தெரியவில்லை. அந்தியூரிலிருந்து நாற்பது பம்பு திரும்பி வந்துவிட்டது. பத்து நாள் வந்து கற்றுக்கொடு கண்ணு.

அன்புடன்,
திருமூர்த்தி

உடுமலைப்பேட்டை
7.4.2025

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். 'சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவார்' என்று பிரவினைப் பற்றி நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அப்பேர்ப்பட்டவருக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பது? நான் வர மாட்டேன்.

சாரா

கோவை
16.4.2025

சாராம்மா,

பம்பு திரும்பி வந்ததிலிருந்து முதலாளிக்குச் சந்தேகம். பிரவின் ஃபைலைத் தன் அறைக்கு வாங்கிக்கொண்டுவிட்டார். "திங்கக்கிழமை உக்காந்து படிக்கறேனுங்க. நீங்களும் உங்க மச்சினனும் வந்துருங்க" என்கிறார். அன்று அவசரத்தில் நான் அந்தச் சிபாரிசுக் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் வேறென்ன எழுதியிருந்தாய்? நகல் இருந்தால் உடனே கூரியரில் அனுப்பு. என் வேலையே போய்விடும் போலிருக்கிறது.

திருமூர்த்தி

உடுமலைப்பேட்டை
19.4.2025

அண்ணனுக்கு,

நகல் இருக்கிறது. மூன்றாம் பத்தியை அப்படியே எழுதுகிறேன்: 'இவர் எட்டு மாதக் கர்ப்பத்திலும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் நைட் ஷிப்ட் பார்த்தவர்.'

இனி அது பிரவின்குமாரின் பெருமை. ஃபைலைப் பார்த்த அன்றே இது என் கண்ணில் பட்டது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. "லீவு போட்டா ப்ரமோஷன் போயிரும் கண்ணு" என்று நீங்கள் சொன்னதை நம்பி, வீங்கின காலோடு நின்றேன். ஜெனிஷா குறைமாதத்தில் பிறந்தாள். இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள்.

நாளை ஈஸ்டர். மன்னிக்கச் சொல்லி ஃபாதர் பிரசங்கம் வைப்பார். கேட்டுக்கொள்வேன், ஆனால் மன்னிக்க மாட்டேன். முதலாளிக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. திங்கட்கிழமை உங்கள் முகத்தைப் பார்க்க முடியாதே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.

சாரா