ஒரு மனுசர் பார்த்தால் போதும்

வைத்திக்குப்பம், புதுச்சேரி
22-7-2025

அன்புள்ள சிந்துவுக்கு,

கவி எழுதுவது. ஹாஸ்டல் சாம்பார் இன்னும் உன்னைக் கொல்லவில்லை என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. பகலெல்லாம் உன் போன் ஆபீஸ் லாக்கரில் தூங்குகிறது. சாயங்காலம் கூப்பிட்டால் உன் ரூமில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கோ இப்போது போனைக் கையில் எடுத்தாலே அழுகை வருகிறது. அதனால்தான் பேனா.

விஷயம் இதுதான். என் தலையில் முடி இல்லை, கையில் வேலையும் இல்லை.

குழந்தை கலைமகளுக்கு டெங்கு வந்ததே, அப்போது என் மாமியார் மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டார்களாம், பேத்தி பிழைத்தால் முடி காணிக்கை என்று. யார் முடி? மருமகள் முடி! வேண்டுதல் அவர்களுடையது, தலை என்னுடையது. "ஏன் அத்தே, உங்க முடியக் குடுக்கறதுதான?" என்று கேட்டேன். "எனக்கு இருக்கறதே நாலு மயிரு. அதக் குடுத்து சாமிய ஏமாத்தச் சொல்றியா?" என்றார்கள். குழந்தை பிழைத்த சந்தோஷம், நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆடி பிறந்த அன்று மொட்டை.

மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பினேன். சாப்பாடு டெலிவரிக்குப் போகிற நாங்கள் தினமும் ஆப்பைத் திறந்ததும் முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் என் ஐடியை மூடிவிட்டார்கள். 'உங்கள் கணக்கை வேறொருவர் பயன்படுத்துகிறார். இந்த முடிவு இறுதியானது' என்று செய்தி. பொண்டாட்டி பேரில் புருஷன் வண்டி ஓட்டுவது அங்கங்கே நடக்கிறது. என்னையும் யாரோ ஆம்பளை என்று நினைத்துவிட்டது அந்த மெஷின். உதவி என்று ஒரு பட்டன் இருக்கிறது. ஒன்பது தடவை எழுதினேன், ஒன்பது தடவையும் அதே வரிதான் திரும்பி வந்தது.

நீ ஏ.ஐ. கம்பெனியில் இருக்கிறாய். தெரிந்தவர்கள் யாரிடமாவது சொல்லிப் பார், சிந்து. மெஷினுக்கு முருகனும் தெரியாது, மொட்டையும் தெரியாது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனுசர் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தால் போதும். இல்லாவிட்டால் பழையபடி அந்த லாட்ஜுக்குத்தான் துணி மடிக்கப் போக வேண்டும். அங்கே இருக்கிற மேனேஜரைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கட்டின புருஷன் விஜய்க்குக்கூடத் தெரியாது.

உன்
கவி


கோயம்புத்தூர்
28-7-2025

அன்புக் கவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன் மாமியாரை நினைத்துச் சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. குழந்தை தேறிவிட்டாள் அல்லவா? அது போதும். முடி முளைக்கும். மொட்டையிலும் நீ அழகாகத்தான் இருப்பாய்.

என்னைப் பெரிய ஆளாக நினைத்து எழுதியிருக்கிறாய். நான் ரோபோ செய்கிறேன் என்று அம்மா கருவடிக்குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்பது மணி நேரம் திரையைப் பார்த்து இரண்டு பட்டன்களில் ஒன்றை அழுத்துகிற வேலை, அவ்வளவுதான். என்ன வேலை என்று வெளியே சொல்லக்கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ராத்திரி கண்ணை மூடினாலும் கட்டை விரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. இருபத்தெட்டு வயதில் கிழவி மாதிரி கழுத்து வலி.

நீ உதவிப் பட்டனில் இன்னும் ஒரு தடவை எழுதிப் பார். கோயில் ரசீது இருந்தால் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பு. எப்படியும் சரியாகிவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படத்தைக் கடற்கரையில் பச்சைப் படகுக்கு முன்னால் நின்றா எடுத்தாய்? தலையில் சந்தனம் பூசியிருந்தாயா? எத்தனை மணி இருக்கும்?

உன்
சிந்து


வைத்திக்குப்பம்
4-8-2025

அன்புள்ள சிந்து,

நீ சொன்னபடி ரசீதோடு அனுப்பினேன். பத்தாவது தடவையும் அதே வரி.

கம்பெனி ஆபீஸைத் தேடி அலைந்தேன். ஆப்பில் போட்டிருந்த விலாசத்தில் ஒரு மாடி, பூட்டின ஷட்டர், கீழே பிரியாணிக் கடை. கடைக்காரர் ஆறு மாசமாக யாரையும் பார்க்கவில்லையாம். நம் அம்மாக்கள் மில்லில் இருந்தபோது சங்கத்தில் இருந்த அம்மாவாசை அண்ணனிடம் போனேன். முழுசும் கேட்டுக்கொண்டு, "கம்பெனிக்கு வாசக் கேட்டு எங்கம்மா இருக்குது? கேட்டு இருந்தா நாலு பேரக் கூட்டியாந்து உக்காந்துடலாம்" என்றார். கேட்டு இல்லை அண்ணே என்றேன். "உன்னத் தொழிலாளின்னே சொல்ல மாட்டானுவோ, பார்ட்னராம்" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பாவம், அவராலும் அதுதான் முடிந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து லாட்ஜுக்குப் போகிறேன். வெளுத்து வந்த பெட்ஷீட்டுகளை மடிக்கிற வேலை. இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருத்தி செய்கிறேன். மேனேஜர் அந்த ரூம் வாசலில் வந்து நின்றுகொண்டு, "மொட்டையும் உனக்கு எடுப்பாத்தான் இருக்குது" என்கிறான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறேன். மூன்று வருஷம் வண்டியில் போனபோது வெயில் இருந்தது, மழை இருந்தது, திட்டும் வாங்கினேன். ஆனால் யாரும் வாசலை மறித்து நின்றதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், கடற்கரைதான். சந்தனம்தான். பத்தேகால் மணி இருக்கும். ஆனால் சிந்து, படகு பச்சை என்று நான் உனக்கு எழுதவே இல்லையே. அந்தப் படத்தை நான் விஜயிடம்கூடக் காட்டவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

உன்
கவி


கோயம்புத்தூர்
10-8-2025

கவி,

நான்தான் அழுத்தினேன்.

மெஷின் சுலபமான முகங்களைத் தானே பார்த்துக்கொள்ளும். சந்தேகமானவை எங்களிடம் வரும். இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் இன்றைய படம். பேர் இருக்காது, ஊர் இருக்காது. ஒரே ஆள், வேறு ஆள் என்று இரண்டு பட்டன். ஒரு ஜோடிக்கு நாலு நொடி, ஒரு நாளைக்கு ஏழாயிரம் ஜோடி. தவறான ஆளை உள்ளே விட்டால் மதிப்பெண் நிறையக் குறையும். சரியான ஆளை வெளியே தள்ளினால் யாரும் கேட்பதில்லை. அதனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் வேறு ஆள் என்றே அழுத்துவோம்.

மொட்டையால் ஏமாந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இடது பக்கம் நீ முடியோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருந்தாய். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்த முகம். அதுவும் நீ என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு முகம் என்று ஒன்று கண்ணுக்குப் படுவதே இல்லை, கவி. காது, தாடை, இரண்டு கண்ணுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்றுதான் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்றையும் மறைக்கக்கூடாது. எவனோ சந்தனத்தைப் பூசிக்கொண்டு பொண்டாட்டி ஐடியில் கிளம்பிவிட்டான் என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தேன். அதனால்தான் அந்தப் படகு நினைவில் நின்றது. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே அது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயில்லை என்று வந்துவிடாதா என்றுதான் படகைக் கேட்டேன். பயத்தில்தான் அப்படிப் பதில் எழுதினேன்.

லாட்ஜ் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு தாங்கவில்லை. சூப்பர்வைசர் வெற்றிச்செல்வனிடம் போய் அந்த ஜோடியைத் திரும்பத் திறக்கச் சொன்னேன். மூடியது மூடியதுதான், திறக்க வழியே கிடையாது என்றார். பிறகு, "அது யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என் சிநேகிதி என்றேன். தெரிந்த ஆளைப் பற்றி விசாரித்ததே குற்றமாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை கருவடிக்குப்பம் வந்துவிடுவேன். உன் வீட்டு வாசலுக்கு வரும் தைரியம் இல்லை. நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சிந்துஜா


வைத்திக்குப்பம்
20-8-2025

சிந்துஜாவுக்கு,

நீ வந்துவிட்டாய் என்று உன் அம்மா மார்க்கெட்டில் சொன்னார்கள். உனக்கு ஏன் வேலை போனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. என் மாமியாரிடமும் விஜயிடமும், மெஷின் செய்த தப்பு என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டு இருக்கிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்றால், உன்னை நேரில் பார்த்தால் அடித்துவிடுவேன்.

நீ அழுத்தியதை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் அது போய்விட்டது. ஏழாயிரம் முகத்தில் யாருக்குத்தான் கண் அவியாது. நீ சிரித்ததுகூடப் போகட்டும், நானே உன் இடத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பேன். நீ எழுதின அந்த முதல் கடிதம்தான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டே, உதவிப் பட்டனில் இன்னொரு தடவை எழுது, சரியாகிவிடும் என்றாயே. நாலு நொடியில் செய்த தப்பை மன்னிக்கலாம். உட்கார்ந்து யோசித்து, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பின பொய்யை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்காகப் போய்க் கேட்டு உன் வேலையையும் தொலைத்தாய். அதை முதலிலேயே செய்திருக்கலாம். இப்போது இரண்டு பேருக்கும் இல்லை. நினைத்தால் அலுப்பாக இருக்கிறது, அழக்கூடத் தெம்பில்லை.

லாட்ஜில் துணி மடிக்க இன்னொரு ஆள் கேட்கிறார்கள். நேற்று அந்த மேனேஜர் துணி ரூமுக்கு உள்ளேயே வந்துவிட்டான். நான் கத்தியதில் போய்விட்டான், ஆனால் நாளைக்கும் வருவான். எனக்குத் தனியாக அங்கே போகப் பயமாக இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால் வரமாட்டான்.

உன் பேரைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடு. நான் உன்னோடு பேச மாட்டேன். நீயும் பேசாதே. பெட்ஷீட்டின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நில், போதும்.

கவிநிலா