எந்த பி?

4.11, திங்கள்
மழை. கம்பெனி பஸ் லேட். குடைக் கம்பி உடைந்தது, வேறு வாங்கணும்.
பிரிண்டர் ரிப்பேர். எந்த இன்ஜினை ஏற்றுவது என்று சீட்டு வரவில்லை. லீடர் தயாளன் வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பினார்: "கடைசி எழுத்து பி. லாரியில ஏத்து."
எந்த பி? இன்ஜின் நம்பரில் கடைசி எழுத்துதான் எல்லாம். இங்கிலீஷில் பாம்பே என்று எழுதப் போடுகிற பி என்றால் உள்ளூர் வண்டிக்கு. பாண்டி என்று எழுதப் போடுகிற பி என்றால் ஏற்றுமதி. வெளியே பார்க்க இரண்டு இன்ஜினும் ஒன்று. தமிழில் எழுதினாலும் ஒன்று.
போன் போட்டேன், ஸ்பீக்கரில். பக்கத்தில் ஸ்டெல்லா டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
"எந்த பி-ண்ணா?"
"பாம்பே பி தாம்மா. பேஜார் பண்ணாத, ஏத்து."
ஏற்றினோம்.

6.11, புதன்
லோடு முழுக்கத் துறைமுகத்திலிருந்து திரும்பிவிட்டது. ஏற்றுமதி லோடாம். பாண்டி பி போயிருக்கணுமாம்.
தயாளன் எல்லார் முன்னாலும்: "நான் இன்னா சொன்னேன், நீ இன்னா ஏத்திக்கினு கீற? காதுல பஞ்சா?"
வாய் கூசவில்லை அந்த ஆளுக்கு.
மேனேஜரிடம் மெசேஜைக் காட்டினேன். "பி-ன்னுதானம்மா போட்டிருக்காரு. அவரு மேல இன்னா தப்பு?"
சிரிப்பதா அழுவதா. பர்மனென்ட் ஆக்கும் லிஸ்டில் இந்த வருஷம்தான் என் பெயர் வந்தது. அது போய்விடுமோ.
ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "பாம்பே பி-ன்னு அவரு சொன்னத நீ கேட்ட இல்ல?"
"கேட்டேன்க்கா. நாளைக்கு நானே வந்து சொல்றேன். பயந்துக்காத."
அப்புறம்தான் சோறு இறங்கியது.

7.11, வியாழன்
மேனேஜர் ரூம். தயாளன், நான், ஸ்டெல்லா.
"ஒரே மெஷின் சத்தம் சார். பி-ன்னு கேட்டுச்சு. எந்த பி-ன்னு தெரியல." சொன்னவள் ஸ்டெல்லா, என் பக்கம் திரும்பவே இல்லை.
பாவி. தினம் என் டப்பாவில் கை விட்டுத் தின்றவள்.
லிஸ்டில் என் பெயரை அடித்தாயிற்று. தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டேன்.

8.11, வெள்ளி
வெயில். பல்வலி, கிராம்பு வைத்தும் நிற்கவில்லை. கேன்டீனில் உப்புமா.
நோட்டீஸ் போர்டில் புது லிஸ்ட். என் இடத்தில் ஸ்டெல்லா.
சாயங்காலம் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருக்கிறாள். எப்போதும்போல.
"உக்காருக்கா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது இல்ல?"
பஸ்ஸில் வேறு சீட் இல்லை. பொன்னேரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.