நாலாம் வகுப்பு மீன் தொட்டி

சாமளாபுரம்
16-11-2008, ஞாயிறு

அன்பு மகன் தனபாலுக்கு அப்பன் ரத்தினசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் சம்சாரமும் பிள்ளையும் நலம், அடிபட்டவர்களும் தேறி வருகிறார்கள், நீ ஜோர்டானில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள் கண்ணு. நேராக ஆரம்பிக்கிற வரி முடிவதற்குள் வாய்க்கால் மாதிரி வளைந்து போகிறது, பென்சிலை அழுத்திப் பிடித்து விரல் காய்த்துவிட்டது, காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தவன் இந்த இடத்துக்கு வருவதற்குள் உன் அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டுவிட்டாள். ஆனால் இது முழுக்க என் கை எழுதியது. பஸ் போர்டைப் படிக்கச் சொல்லி அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பன், இப்போது பல்லடம் வரை எல்லாச் சுவரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு போகிறேன், பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பேத்தி கீர்த்தனாவின் நாலாம் வகுப்பு அறையிலேயே சாயங்காலம் ரோஸ்மேரி டீச்சர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார் என்று போனிலேயே சொன்னேன்.

நீ புதன்கிழமை போனில் என்ன சொன்னாய் என்பதை உன் சம்சாரம் அழுதுகொண்டே சொன்னாள். பையன் மண்டையை உடைக்கிற பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்த் தாராபுரம் ஆஸ்டலில் போட்டுவிடுங்கள், அந்தத் தெக்கத்திக்காரனையும் சும்மா விடாதீர்கள் என்றாயாம். பெரிய வாத்தியாரும் கீர்த்தனாவை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதை அவள் அப்பா சொல்லட்டும் என்று உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிடப் போனில் உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். முழுவதையும் எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் சொல்.

நீ போனதிலிருந்து கீர்த்தனாவின் கை நீளமாகிவிட்டது என்பது உண்மைதான். கிள்ளுவாள், கடிப்பாள், பென்சில் முனையால் குத்துவாள். அந்த வகுப்பில் அவள் மட்டும் அப்படி இல்லை, பாதிப் பிள்ளைகள் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்து பள்ளியில் அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள். ஆடி மாதம் டீச்சர் ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டுவந்து வைத்தார். படிக்கிற இடத்தில் மீன் எதுக்குங்க அம்மிணி, குழம்புக்குங்களா என்று நான்தான் முதலில் கேலி பேசினேன். அப்புறம் அவளோடு படிக்கிற, காசிமாயன் என்பவன் மகன் முனீஸ் நம் ஊர்க் குளத்தில் பிடித்த ஜிலேபி மீன் ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே விட்டான். அது சின்ன மீன்களைத் துரத்தித் துரத்தி வாலைக் கடித்துக் கந்தலாக்கியது, ஒன்றின் கண்ணையே பிடுங்கிவிட்டது. பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்று கடி, கடி என்று கைதட்டினார்கள். டீச்சர் திட்டவில்லை. இது ஏன் கடிக்கிறது, அது ஏன் கடிபடுகிறது, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். எல்லோரும் ஜிலேபி கெட்டது என்றார்களாம். உன் மகள் மட்டும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, சின்னதுக்கு ஒளியறதுக்கு எடமே இல்லீங்க டீச்சர் என்றாளாம். மறுநாள் அவள் அம்மாவின் கம்பெனியிலிருந்து நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். சின்ன மீன்கள் அதற்குள் புகுந்துகொண்டன, ஜிலேபிக்கு உடம்பு நுழையவில்லை, வெளியே சுற்றிச் சுற்றி வந்து சலித்துப் போய்விட்டது. அதிலிருந்து வீட்டில் எந்நேரமும் மீன் பேச்சுதான், கிள்ளுவதற்கு அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

போன திங்கட்கிழமை மத்தியானம் கரண்டு போயிற்று. ஊர்த் தறி எல்லாம் நின்றதோடு தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரும் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. டீச்சர் சத்துணவு போடும் இடத்தில் நின்றிருந்தார். முனீஸ் ஓடிப்போய் அவன் அப்பனைக் கூட்டி வந்தான். காசிமாயனை உனக்குத் தெரியாது, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கிறான், சலவைப்பட்டறையில் துணி வெளுக்கிறான், சாயங்கால வகுப்பில் என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். பட்டறையில் துணி வெளுக்க ஊற்றுகிற பெராக்சைடைச் சின்னக் கேனில் கொண்டுவந்தான். துணிக்கு ஊத்துனா குபுகுபுன்னு காத்தா வரும்டா, மீனு நல்லா மூச்சு வாங்கிக்கும் பாரு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அப்படியே ஊற்றினான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான் கண்ணு, அவன் விரல் நுனியெல்லாம் அந்தத் தண்ணீரில் வெந்து வெளுத்துக் கிடப்பதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. தொட்டி பாலைப் போலப் பொங்கியது. மீன்கள் கண்ணாடியில் மோதின, துள்ளி வெளியே விழுந்தன, செதில் உரிந்து துடித்தன. கோனுக்குள் இருந்தவைகூடப் பிழைக்கவில்லை.

அந்த வாரம் தீனி போடும் முறை உன் மகளுடையது. கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால், அப்பனைக் கூட்டி வந்த முனீஸ் தலையில் ஓங்கி அடித்தாள். மண்டை பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. பெற்ற பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்த காசிமாயன் அவள் சடையைப் பிடித்து இழுத்து அறைந்தான், ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்துவிட்டது. நம் பிள்ளையைத் தெக்கத்திக்காரன் அடித்துவிட்டான் என்று பேச்சு தறிக்குடோனுக்கு வந்தது, கரண்டு இல்லாமல் சும்மா கிடந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நானும் ஊன்றுகோலோடு ஓடினேன். லைன் வீட்டிலிருந்து அவர்கள் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓட, நாங்கள் வகுப்புக்குள் போய் அடித்துக்கொண்டோம். யார் யாரை அடிக்கிறோம் என்று கணக்கே இல்லை. யாரோ தறியில் ஊடை நூல் ஓட்டும், இரும்பு முனை வைத்த மர நாடாவை வீசினான், அது பட்டுத் தொட்டி உடைந்தது. கண்ணாடியும் செத்த மீனும் தரையெல்லாம் பரவின, ஆட்கள் மீனை மிதித்து வழுக்கிக் கண்ணாடி மேல் விழுந்தார்கள். ஒருவனுக்கு உள்ளங்கை கிழிந்து தொங்கியது. நான் காசிமாயன் முதுகில் கோல் ஒடியும்படி ஒன்று வைத்தேன். அவன் திரும்பி, பெருசுன்னு பாக்குறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு குத்து விட்டான். பார்த்தே குத்திவிட்டான். முன்பல் ஒன்று போயிற்று, எப்படியும் அது ஆடிக்கொண்டிருந்ததுதான்.

டீச்சர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அப்புறம் அவர் கீர்த்தனாவையும் முனீஸையும் காணோம் என்று கத்தினார், அது விழுந்தது. காசிமாயன் என் சட்டையை விட்டான். வெளியே ஓடிய பிள்ளைகளோடு அவர்கள் இல்லை. கண்ணாடிக்கு நடுவில் தேடினோம். தொட்டி இருந்த மேசைக்கு அடியில், சுவரோரம், இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உன் மகள் தன் தலை ரிப்பனை அவிழ்த்து அவன் தலையைச் சுற்றிக் கட்டி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய முழங்காலைப் பிடித்திருந்தான். வா கண்ணு வெளியே என்றேன். என் வாயில் ரத்தம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க எல்லாரும் போனாத்தான் வருவோமுங்க அப்பாரு என்றாள். டீச்சர் குனிந்து, அவனை அடித்தவள் நீதானே, பிறகு ஏன் உள்ளே இழுத்தாய் என்று கேட்டார். பெருசுங்க கடிச்சுக்குதுங்க டீச்சர், அவனுக்கு ஒளிய எடமில்லீங்க என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்துவிட்டது. சுவரில் தொங்கிய மோட்டார் குர்ரென்று ஓடியது, தரையில் கிடந்த அதன் குழாய் உயிருள்ள மீன் ஒன்றும் இல்லாத அழுக்குத் தண்ணீரில் குமிழி விட்டது. ஒவ்வொருவராக, பெரியவர்கள் நாங்கள்தான் வெளியே போனோம்.

முனீஸுக்குத் தையல் போட்டிருக்கிறது, பயமில்லை. போலீஸுக்கு யாரும் போகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் காசிமாயன் வகுப்புக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் சிலேட்டையே துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, பல்லு ரொம்ப வலிக்குதாய்யா என்றான். பல்லுதான் இல்லியே, அப்பறம் எங்கீங்க வலிக்கும், உங்க முதுகு எப்படீங்க என்றேன். சிரித்துவிட்டு அழுதான். புதுத் தொட்டிக்கான மேசையை அவனும் நானும் சேர்ந்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறோம். மறுபடியும் மீனா என்று பெரிய வாத்தியார் தயங்கினார், பிள்ளைகள் கேட்கக் கேட்க ஒப்புக்கொண்டார். இந்த வயதில் எழுத்து கற்றது பெரிது என்று நினைத்திருந்தேன் கண்ணு, அந்தத் தொட்டியில் உன் மகள் கற்றது நம் தறிக்குடோன் ஆட்கள் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அவள் அடித்தது தப்பு, அதற்கு அவளே முனீஸ் வீட்டுக்குப் போய் நின்றாள். அவளைத் தாராபுரத்துக்கு அனுப்பாதே. நீ சொன்னால் அழாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அதுதான் எனக்குப் பயம். அவள் போனால் புதுத் தொட்டியில் மீனை விட எனக்கு மனம் வராது.

அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொள். மிஷினில் கை வைக்கும்போது பேச்சுக் கொடுக்காதே. கருப்பராயன் உனக்குத் துணையிருப்பார், நீ நீடூழி நன்றாயிருக்க வேண்டும். மீன் வந்ததும் அடுத்த வாரமே எழுதுகிறேன், அதற்குள் வரி கொஞ்சம் நேராகிவிடும். பெரிய வாத்தியாருக்கு உன் பதிலை மறக்காமல் சொல்லிவிடு. அதற்கு முன்னால் ஒரு தடவை கீர்த்தனாவைப் போனில் கூப்பிடு. மண்டை உடைந்ததைப் பற்றிக் கேட்காதே. புதுத் தொட்டியில் கோனை எந்தப் பக்கம் வைக்கப் போகிறாய் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
தானே எழுதித் தானே கையெழுத்துப் போடும் உன் அப்பன்,
சே. ரத்தினசாமி