இசக்கியின் கால் தின்னாத கிளட்ச்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து, அத்தானுக்கு,

முதலில் வண்டி. நன்றாக இருக்கிறது. அக்காவைப் பற்றி அப்புறம்தான் கேட்பீர்கள் என்று தெரியும். அக்காவும் நன்றாக இருக்கிறாள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியும், ஏரலில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தவர் ஒரு தார்கூட வைக்க இடமில்லாத சிவப்புப் பந்தயக் காரை ஏன் வாங்கினார் என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் பாதிப் பேச்சு என் வாய் வழியாகப் போனதுதான்.

உங்கள் மகள் கோயம்புத்தூரில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நானூறு மீட்டர், உங்கள் வண்டியில். கிளட்ச் கருகிய நாளிலிருந்து உங்கள் உயிர் இருந்தவரை நீங்கள் சாவியைத் தொட விடாத அதே இசக்கிதான். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறீர்களா, சிரிக்கிறீர்களா?

நேற்றுக் காலை பழகிப் பார்க்கப் போனோம். மூடிக் கிடக்கிற மில்லுக்குள் நேராக ஓடுகிறதே ஒரு சாலை, அங்கேதான். காவல்காரரிடம் நான் போய்ப் பல்லைக் காட்டி அனுமதி வாங்கினேன்.

“மாமா, பெல்ட்ட தொப்பைக்கு மேல போடாதீங்க, கீழ எறக்கிப் போடுங்க.”

“ஏட்டி, அதுக்குக் கீழ எடம் எங்கன இருக்கு?”

அவள் சிரிக்கவில்லை. செய்ய வேண்டியதை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். முதல் கியரில் எஞ்சினை நாலாயிரம் சுற்றில் நிறுத்தி, கிளட்ச் பிடிக்கிற இடம்வரை காலைச் சட்டென்று விட்டு, அங்கே ஒரு கணம் மட்டும் தயங்கி, பிறகு முழுதாக எடுத்துவிட வேண்டும். ஒரேயடியாக உதறினால் கியரும் அச்சும் அடி வாங்கும். அரையிலேயே வைத்து இழுத்தால் கிளட்ச் தட்டு கருகும். சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்த வேண்டும். கிளட்சை மறுபடி மிதிக்கக் கூடாது. ஒருமுறை கிளம்பினால், அடுத்த முறைக்குள் எல்லாம் ஆற வேண்டும்.

இத்தனையும் தெரிந்தவள், மூன்று தடவையும் அந்த ஒரு கணத்தில் மாட்டிக்கொண்டாள். கால் மேலே வரவே இல்லை. எஞ்சின் அலற, வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. லேசாகக் கருகல் வாடை வந்ததும் வண்டியை அணைத்துவிட்டாள்.

“அப்பா சொன்னது சரிதான் மாமா. என் காலு கிளட்ச்சத் தின்னுரும். பேர வாபஸ் வாங்கிருதேன். வெலைக்குக் கேக்காருன்னு அம்மா சொல்லுத ஆளுக்கே வண்டிய வித்துருங்க.”

அத்தான், இந்த இடத்தில் நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

முந்தின வருஷத்துத் தசராவுக்கு முன்பு, அந்தக் கிளட்ச் கருகிய கதை நினைவிருக்கிறதா? நீங்கள் சரக்கு விஷயமாகக் கேரளா போயிருந்தீர்கள். நான் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு ராஜா வேஷம் கட்டியிருந்தேன். ராஜாவுக்கு ரதம் வேண்டாமா? வண்டியைக் கழுவி வைக்கிறேன் என்று அக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டேன். முன்னால் மேளம், அதற்கு முன்னால் இரண்டு காளி, ஒரு குரங்கு. பின்னால் நான், கிரீடம் கூரையில் இடிக்க, இரண்டு மணி நேரம் அங்குலம் அங்குலமாக. வண்டி அணைந்துவிடக் கூடாதே என்று வலது கால் ஆக்சிலரேட்டரில், இடது கால் அரைக் கிளட்சில். கருகின வாடை வந்தது. யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். நீங்கள் திரும்பி வந்து இதே மில்லுக்குள் இசக்கியை ஓட்டச் சொன்னீர்கள். அவள் சரியாகத்தான் கிளம்பினாள். எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை, அடியிலிருந்து புகை வந்தது.

மெக்கானிக் தட்டைக் கழற்றிப் பார்த்து, “இது ஒரு தடவ கெளப்புனதுல ஆனதில்ல அண்ணாச்சி, யாரோ ரொம்ப நேரம் இழுத்திருக்காங்க” என்றார். நீங்கள் காதில் வாங்கவில்லை. பட்டறையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், “எம்மவ காலு கிளட்ச்சத் தின்னுட்டு வே” என்றீர்கள். ஆட்கள் சிரித்தார்கள்.

நேற்று இதையெல்லாம் இசக்கியிடம் சொன்னேன். கிரீடம், மேளம், சாம்பிராணி, ஒன்றையும் விடவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு அந்த நினைப்பு.

ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா என்னைய ஏசுனப்ப நீங்க எங்கன நின்னீங்க?”

“பக்கத்துலதான்.”

“என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?”

“காப்பி குடிச்சிட்டு இருந்தேன்.”

“எறங்குங்க மாமா” என்றாள்.

இறங்கினேன். கிளட்ச் ஆறுவதற்குக் காத்திருந்தாள், கண்ணாடியைக்கூட இறக்காமல். பிறகு கிளம்பினாள். பின்சக்கரம் ஒரு நொடி வழுக்கியது, அவளே தளர்த்திச் சரிசெய்தாள், வண்டி கோடு போட்டதுபோல் போனது. வாடை இல்லை, புகை இல்லை. அந்தக் கோடியில் திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போய், வாசலையும் தாண்டி, வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பஸ் பிடித்து வந்தேன்.

இன்று அக்கா சொன்னாள், இசக்கி பெயரை வாபஸ் வாங்கவில்லையாம். என்னோடுதான் பேசவில்லை. மத்தியானம் செல்லில் ஒரு வரி வந்தது: “களக்காட்டுக் கல்யாணத்துல வச்சு சிரிச்சாங்கள்லா, அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க.”

எந்தக் கல்யாணம் என்று உங்களுக்குத் தெரியும். ‘கிளட்ச் தின்ற மகள்’ கதையை நான் பந்திக்குப் பந்தி நடித்துக் காட்டினேன். நீங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனாள். யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய், நான் கவனித்தேன்.

அவளிடம் சொல்லியாயிற்று. உங்களிடம் எப்படிச் சொல்வது? நான் அன்றைக்கே சொல்லியிருந்தால், அவள் கையில் ஒருநாள் சாவியைக் கொடுத்திருப்பீர்களே. அந்த ஒரு நாளை நான் எங்கே போய் வாங்கிவருவேன்?

அடுத்த மாதம் அதே வீட்டில் இளையவனுக்குக் கல்யாணம். அதே சனம்தான் வரும். அங்கே எழுந்து நின்று, அந்தக் கால் யாருடையது என்று சொல்கிறேன் அத்தான். யாரையும் சிரிக்க வைக்காமல் சொல்கிறேன். எனக்கு அது பழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உங்கள் மச்சினன்,
இசக்கி திரும்ப ‘மாமா’ என்று கூப்பிட்டால், அவளுக்குத் தாய்மாமன்.