விருந்தாளியிடம் சொல்லாத குறை

அக்கா,

இன்று காலை பால்வாடிச் சுவரோரம் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். சாம்பார் வாசனைதான் வந்தது. சாக்கடை நாற்றம் வந்திருக்க வேண்டிய இடம் அது.

கருமத்தம்பட்டிக்குப் பாதாளச் சாக்கடை போடக் கடன் கொடுக்க வந்த வளர்ச்சி வங்கி, ஊர்ச் சங்கங்களைக் கலந்துகொண்டுதான் வேலையைத் தொடங்குமாம். அப்படித்தான் நம் தறிப் பெண்கள் சங்கத்தைத் தேடி ஓர் அதிகாரி வந்தார். கழிவுநீர் பம்பு நிலையம் பால்வாடியை ஒட்டி வரப்போகிறது என்று நாம் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ஏதாவது குறை உண்டா என்று அவர் கேட்டார். தலைவியான நீங்கள், "ஒரு கொறையும் இல்லீங்க, இன்னொரு ஒப்புட்டு வெச்சுக்கங்க" என்றீர்கள். செயலாளரான நான் அந்தப் போளியின் மேல் நெய் ஊற்றினேன்.

அவர் ஜீப் தெருமுனை திரும்பியதும் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் புலம்பினோம். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஊட்டுக்கு வந்து சாப்புட்டுட்டு இருக்கறவங்ககிட்ட எப்படி அம்மணி கொறை சொல்றது?" என்று என்னையே கேட்டீர்கள். நம் சங்கம் முழு மனதோடு சம்மதித்ததாக அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் நீங்களே வங்கிக்குப் போன் போட்டு, அடுத்த கூட்டத்தை அவர்கள் இடத்தில் வைக்கச் சொன்னீர்கள். டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய் இறங்கி, அவர்கள் அலுவலகத்துக்குள் பதினான்கு பேரும் நுழைந்தோம். டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஒரு வாய் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, பம்பு நிலையத்தில் ஆரம்பித்தீர்கள். உங்களுக்குப் பின் ஒருவர் விடாமல் பேசினோம். மூன்றாம் முறை டீ வந்தபோதும் முடியவில்லை. இதையெல்லாம் அன்றே ஏன் சொல்லவில்லை என்று, பாவம், அந்த மனிதர் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க எங்கூட்டு விருந்தாளிங்க. இன்னைக்கு நாங்க உங்கூட்டு விருந்தாளிங்க" என்றீர்கள்.

பம்பு நிலையம் ஊர்க்கோடிக்குப் போனது. இப்போது அந்த வங்கிக்காரர்கள் எந்த ஊர்ச் சங்கத்தோடும் இரண்டு கூட்டம் போடுகிறார்கள், ஒன்று சங்கத்தில், ஒன்று தங்கள் அலுவலகத்தில். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றும் வைத்திருக்கிறார்களாம்.

இத்தனையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது பழப் பையோடு உங்கள் வீட்டுக்கே வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு கொறையுமில்ல அம்மணி, காப்பி குடிச்சுப்போட்டுப் போ" என்றீர்கள். நானும் நம்பிக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

இப்போதெல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் பார்க்கப் போவதில்லை. ஆட்டோ அனுப்பி என் வீட்டுக்கு வரவழைத்துவிடுகிறேன். நோயாளியை அலைக்கழிக்கிறாள் என்று ஊர் திட்டுகிறது. திட்டட்டும். வந்து உட்கார்ந்ததும் எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.